மழைக்குறி சொன்னவர்கள்: சில வரலாற்றுக் குறிப்புகள்

கடந்த ஐப்பசியில் நண்பர் ஒருவர் எனது கைத்தொலைபேசிக்கு ஒரு நீண்ட செய்தியை அனுப்பிவைத்தார். 'தமிழரின் வானிலை அறிவியல்' என்பது அதன் தலைப்பு. தும்பி தாழப் பறந்தால் மழை, எறும்பு முட்டை காவிக்கொண்டு மேட்டுக்கு ஏறினால் மழை, அந்தியில் ஈசல் கிளம்பினால் அடைமழை என்று முப்பதுக்கு மேற்பட்ட குறிகள் அதில் வரிசையாக இருந்தன. மேலைநாட்டவர் செய்மதி ஏவுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எம் முன்னோர் யாவற்றையும் அறிந்திருந்தனர் என்று அது முடிந்தது. அதே குழுவிலிருக்கும் இன்னொரு நண்பர், பழைய இடதுசாரி, 'மூடநம்பிக்கை' என்று ஒரே சொல்லிற் பதில் எழுதினார். பிறகு இருவருக்கும் மூண்ட சண்டை ஒரு வாரம் நீடித்தது.

இருவரையும் எனக்கு நீண்ட காலமாகத் தெரியும். இருவருமே மழைக்கு முன் துணியை எடுக்கத் தெரியாதவர்கள். அதைவிட முக்கியமானது, இருவருமே ஒரு கேள்வியைக் கேட்கத் தவறிவிட்டார்கள் என்பது. இந்தக் குறிகளைச் சொன்னவர் யார்? எங்கே நின்றுகொண்டு சொன்னார்? அவர் சொன்னதை யார் காதில் வாங்கினார்கள்? முன்பு வரலாறு படிப்பித்தவன் என்ற முறையிலும், இப்போது மெல்பேர்ணின் தென்கிழக்குப் புறநகரொன்றில் தொழிற்சாலைக் கூரையின் கீழே நாளைக் கழிப்பவன் என்ற முறையிலும், இந்தக் கேள்வியைச் சற்று விரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

முதலிற் குறிகளின் நம்பகத்தன்மையைப் பற்றி. எல்லாக் குறிகளும் ஒரே தரத்தவை அல்ல. நிலாவைச் சுற்றித் தோன்றும் வட்டத்தை எடுத்துக்கொள்வோம். நிலா கோட்டை கட்டியிருக்கிறது என்று ஊரிற் சொல்வோம். 'அகல வட்டம் பகல் மழை' என்ற பழமொழியும் உண்டு. வட்டம் அகன்றிருந்தால் மழை கிட்ட, ஒடுங்கியிருந்தால் மழை எட்ட என்பது அதன் பொருள். மேலோட்டமாகப் பார்த்தால் இது தலைகீழாகத் தோன்றும். கிட்ட இருக்கும் வட்டம்தானே கிட்டிய மழையைக் காட்டவேண்டும்? ஆனால் இங்கே பேசப்படுவது இரண்டு வேறு வட்டங்கள். அகன்ற வட்டம் மிக உயரத்திலுள்ள மெல்லிய முகிற்படலத்தின் பனிப்பளிங்குகளில் ஒளி முறிவதால் உண்டாவது. அதன் ஆரை ஏறத்தாழ 22 பாகை. கையை நீட்டி விரல்களை விரித்தால் பெருவிரல் நுனியிலிருந்து சின்னிவிரல் நுனி வரையுள்ள அகலம். அந்தப் படலம் பெரும்பாலும் தாழமுக்கம் ஒன்றின் முன்னோடியாகப் பரவி வருவது. ஒடுங்கிய வட்டமோ நிலாவை ஒட்டியபடி, தாழ்ந்த முகில்களின் நீர்த்துளிகளால் உண்டாவது. அதற்குப் பின்னால் மழை வரவேண்டிய கட்டாயம் இல்லை. ஆக, பனிப்பளிங்கு பற்றியோ முறிவு பற்றியோ எதுவும் அறியாத ஒருவர், பல இரவுகள் அண்ணாந்து பார்த்து, இரண்டையும் பிரித்தறிந்திருக்கிறார். இதை மூடநம்பிக்கை என்று தள்ளுவது அறிவுச் சோம்பல்.

தும்பியும் எறும்பும் இந்த அளவுக்கு உறுதியானவை அல்ல. காற்றில் ஈரப்பதன் கூடும்போது சிறு பூச்சிகள் தாழப் பறக்கலாம், அவற்றைத் தின்னும் தும்பியும் தாழலாம். ஆனால் ஈரம் கூடிய நாட்கள் எல்லாம் மழை நாட்கள் அல்ல. எறும்பு இடம் மாறுவதற்கு மழையைத் தவிர நூறு காரணங்கள் உண்டு. குறி பலித்த நாள் நினைவில் நிற்கிறது. பொய்த்த நாளை எவரும் எண்ணி வைப்பதில்லை. பெருமை பேசும் நண்பர் வசதியாக மறந்துவிடும் பக்கம் இது.

இனி, சொன்னவர் யார் என்ற கேள்விக்கு வருவோம். மழைக்குறிகளை ஒரே இடத்திற் செறிவாகத் தரும் தமிழ் இலக்கியங்களுள் முக்கூடற்பள்ளு ஒன்று. ஆற்றில் நாளை வெள்ளம் வரும் என்பதற்கு அங்கே அடையாளங்கள் அடுக்கப்படுகின்றன. மலையாளத் திசை மின்னலும் ஈழத் திசை மின்னலும், கொம்பைச் சுற்றும் காற்று, கிணற்றுத் தவளையின் கூச்சல், சேற்று வளையின் வாசலை அடைக்கும் நண்டு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பார்க்கையில் எமது தீவு மின்னல் தோன்றும் ஒரு திசை மட்டுமே என்பதை வாசித்தபோது எனக்கு ஒரு சிறு சிரிப்பு வந்தது. அது இருக்கட்டும். பள்ளு என்ற இலக்கிய வகையின் கதைமாந்தர் நிலமற்ற பண்ணைத் தொழிலாளர். பாடலை எழுதியவர் வேறொருவர், அதைக் கேட்டு மகிழ்ந்த நிலவுடைமையாளர் வேறொருவர்; ஆனால் நண்டு வளையை அடைத்ததைக் கண்டவர் சேற்றில் நின்றவர்தான்.

யாழ்ப்பாணத்திலும் இதே கதைதான். பனை உச்சியில் நாளுக்கு இருமுறை நிற்கும் சீவல் தொழிலாளிக்கு, நிலத்தில் நிற்கும் எமக்குத் தெரியாத தொடுவானம் தெரியும். கடற்றொழிலாளிக்கு நீரோட்டமும் அலையின் நீளமும் தெரியும். காற்றுகளுக்குச் சோளகம், வாடை, கொண்டல், கச்சான் என்று பெயரிட்டு, ஒவ்வொன்றின் குணத்தையும் பிரித்துவைத்திருந்தவர்கள் அவர்கள். இந்த அறிவைத் 'தமிழரின் அறிவியல்' என்று இன்று மொத்தமாக உரிமை கொண்டாடும் எம்மவர் பலர், அந்தத் தொழிலாளரைத் தமது கிணற்றில் அள்ளவும் கோயிலுக்குள் நுழையவும் விடாத வீடுகளிலிருந்து வந்தவர்கள். நானும் அப்படியொரு வீட்டிலிருந்து வந்தவன்தான். ஆளைத் தள்ளிவைத்துவிட்டு அவருடைய அறிவை மட்டும் இனத்தின் சொத்தாக்கிக்கொள்வது எவ்வகை நேர்மை?

நாங்கள் படிப்பித்தது வேறு. தொல்காப்பியம் வகுத்த பெரும்பொழுது ஆறு: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். கார் என்பது ஆவணியும் புரட்டாசியும். ஆனால் யாழ்ப்பாணத்தில் ஆவணியிற் கிணறு அடி காண்கிறது. வானம் திறப்பது ஐப்பசியிலே. ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் ஆண்டு மழையிற் பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையிற் கொட்டித் தீர்ந்துவிடும். ஊரில் உழுதவர்கள் மாரி, கோடை, காலபோகம், சிறுபோகம் என்று தம் கணக்கைத் தனியே வைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்திலோ ஆறு பருவங்களையும் மனனஞ்செய்து புள்ளி பெற்றோம். அதே பாடம் இன்று மெல்பேர்ணின் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடங்களிலும் ஒப்புவிக்கப்படுகிறது. மார்கழியும் தையும் முன்பனி என்று சொல்லும் பிள்ளை, 40 பாகை வெயிலில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வீடு போகிறது.

பஞ்சாங்கத்தின் கதை இதைவிடச் சுவையானது. மார்கழியிற் சூரியன் பூராட நட்சத்திரத்தில் நிற்கும் ஏறத்தாழ இரு வாரங்களைக் கர்ப்போட்டம் என்பார்கள். அந்நாட்களில் முகில் கருக்கொள்கிறது, பின்னொரு காலத்தில் அது மழையாகப் பிறக்கிறது என்பது நம்பிக்கை. இதன் வேர் பழையது. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் தமது பிருகத் சம்ஹிதையில் முகிற்கரு 195 நாட்களிற் பிறக்கும் என்று எழுதினார். உச்சயினிப் பக்கத்தில் இருந்துகொண்டு எழுதியவர் அவர். மார்கழி நடுவிலிருந்து 195 நாட்களை எண்ணினால் யூலை நடுப்பகுதி வரும். உச்சயினிக்கு அது தென்மேற்குப் பருவமழையின் காலம், கணக்குச் சரி. அந்த எண்ணை அப்படியே யாழ்ப்பாணத்துக்குத் தூக்கி வந்தால் முகில் பிரசவிப்பது கொதிக்கும் ஆனி மாதத்தில், சோளகம் புழுதி வாரியிறைக்கும்போது! ஒரு நிலத்தில் அவதானித்து எழுதப்பட்ட குறி, ஏட்டில் ஏறியதும் நிலத்தை மறந்துவிடுகிறது. பிறகு அது எங்கும் செல்லுபடியாகும் சாத்திரமாகிறது. 2015 டிசெம்பரிற் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, பஞ்சாங்கம் முன்கூட்டியே சொல்லியிருந்தது என்ற செய்தி உலகத் தமிழரெல்லோரிடமும் பரவியது. பஞ்சாங்கம் அதே உறுதியோடு சொல்லிப் பொய்த்த ஆண்டுகளின் பட்டியல் எவரிடமும் இல்லை.

அப்படியானால் விஞ்ஞானம் வேறென்ன செய்தது என்று கேட்கலாம். அதுவும் குறி பார்த்துத்தான் தொடங்கியது. 1876-78 பெரும் பஞ்சத்திற்குப் பிறகு, பிரித்தானிய இந்தியாவின் வானிலைத்துறையை நடத்திய ஹென்றி பிளான்போர்ட், இமயமலையிற் பனி அதிகம் பெய்தால் அடுத்து வரும் பருவமழை குறையும் என்ற ஒரு குறியைக் கண்டார். 1880களின் நடுவிலிருந்து அதை வைத்தே அரசாங்கத்துக்கு மழைக்குறி சொன்னார். அவருக்குப் பின் வந்த ஜோன் எலியட் 1899இல் நல்ல மழை என்று எதிர்வுகூறினார், வந்தது பஞ்சம். 1904இற் பொறுப்பேற்ற கில்பேர்ட் வோக்கர், கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர், உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்த அமுக்கப் பதிவுகளையும் மழைப் பதிவுகளையும் ஆண்டுக்கணக்காக ஒப்பிட்டு, பசிபிக்கிலும் இந்து சமுத்திரத்திலும் அமுக்கம் தராசுத் தட்டுகளைப் போல ஏறி இறங்குவதைக் காட்டினார். தெற்கு அலைவு என்று இன்று சொல்வது அதைத்தான். எலியட் தோற்றார் என்பது எழுதப்பட்டு இருந்தது. ஆகவேதான் வோக்கர் வேறு வழி தேடவேண்டியிருந்தது. நிலா வட்டத்தைப் பிரித்தறிந்த எமது பெயர் தெரியாத பெரியவருக்கும் வோக்கருக்கும் கண்ணிலோ மூளையிலோ பெரிய வேறுபாடு இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஒருவரிடம் பதிவேடும் தந்தியும் பேரரசும் இருந்தன. மற்றவரிடம் அவை இல்லை.

வோக்கருக்கு முன்னரே இந்தத் தராசின் மறு தட்டைக் கண்டவர் ஒருவர் நாம் வாழும் இந்தத் தேசத்தில் இருந்தார். அடிலெயிட்டில் தந்திக் கம்பிகளையும் வானிலைப் பதிவுகளையும் கவனித்த சார்ள்ஸ் ரொட், 1888இல், இந்தியாவின் வரட்சியும் அவுஸ்திரேலியாவின் வரட்சியும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன என்று எழுதினார். எல்நினோ ஆண்டுகளிற் கிழக்கு அவுஸ்திரேலியா காய்கிறது. அதே ஆண்டுகளில் எமது வடகீழ்ப் பருவமழையோ பெரும்பாலும் கூடுகிறது. சென்னை மூழ்கிய 2015 அத்தகைய ஓர் ஆண்டுதான். எங்கள் ஊர் மழைக்கும் நாங்கள் வந்து ஒதுங்கிய கரையின் வரட்சிக்கும் ஒரே சமுத்திரம் காரணம் என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஐம்பது வயதாக வேண்டியிருந்தது.

இந்தக் கரையில் வானிலைப் பதிவு எப்படித் தொடங்கியது என்பதும் கவனத்திற் கொள்ளத்தக்கது. 1788இல் முதற் கப்பற்கூட்டத்தோடு சிட்னிக்கு வந்த வில்லியம் டோஸ் என்ற இளம் கடற்படை அதிகாரி, இன்று துறைமுகப் பாலத்தின் தென்முனை நிற்கும் இடத்தில் ஒரு சிறு அவதானிப்பு நிலையத்தை அமைத்தார். அந்த ஆண்டு செப்டெம்பரிலிருந்து 1791 டிசெம்பர் வரை, வெப்பம், அமுக்கம், காற்று, மழை என்பவற்றை நாளுக்குப் பல தடவை எழுதிவைத்தார். அந்தப் பதிவேடு இலண்டன் றோயல் சொசைற்றியின் நூலகத்திற் கிடந்து, 1977இலேதான் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. குடியேற்றம் பட்டினியின் விளிம்பில் நின்ற 1790-91 வரட்சியை இன்றைய ஆய்வாளர்கள் அதிலிருந்தே மீட்டெடுக்கிறார்கள். 1791 பெப்ரவரியிற் பரமட்டாவில் வெப்பம் தாங்காது வௌவால்கள் மரத்திலிருந்து செத்து விழுந்ததை வற்கின் ரெஞ்ச் என்ற இன்னொரு அதிகாரி எழுதியிருக்கிறார். சிட்னித் தமிழரிற் பெரும்பாலானோர் இன்று வாழ்வது அந்தப் பரமட்டாவையும் அதை அடுத்த புறநகர்களையும் சுற்றியே.

டோஸ் இன்னொரு வேலையும் செய்தார். பட்யகராங் என்ற ஆதிக்குடிச் சிறுமியிடமிருந்து சிட்னிப் பகுதியின் மொழியைக் கற்று, சொற்களையும் உரையாடல்களையும் குறிப்பேடுகளில் எழுதினார். அந்தக் குறிப்பேடுகளும் இலண்டனிலே கிடந்து, 1972இற் கவனத்துக்கு வந்தன. வெள்ளையர் இங்கே வந்து தங்கிவிட்டதால் தன் மக்கள் கோபத்தில் இருக்கிறார்கள், துப்பாக்கிக்கு அஞ்சுகிறார்கள் என்று அவள் சொன்னதும் அவற்றில் இருக்கிறது. ஒரே மனிதர், ஒரே குடிசை, இரண்டு வகைப் புத்தகங்கள். ஒன்றில் வானிலை, மற்றதில் அந்த வானத்தின் கீழே ஆயிரமாயிரம் ஆண்டுகள் வாழ்ந்தவர்களின் பேச்சு. அடுத்த மழை எப்போது என்பதை அந்தப் பேச்சினூடாகக் கேட்டறியக் குடியேற்றம் ஒருபோதும் முனையவில்லை. 1790 இறுதியில் ஆதிக்குடிகளின் மேல் அனுப்பப்பட்ட தண்டனைப் படையிற் சேர டோஸ் முதலில் மறுத்தார். பின்பு சேர்ந்து, அதற்காக வருந்துவதாகவும் வெளிப்படையாகச் சொன்னார். ஆளுநர் பிலிப் அவரை இங்கே தொடர்ந்து தங்க விடவில்லை. அவர் கப்பலேறியதோடு இரண்டு புத்தகங்களும் மூடிக்கொண்டன.

கேளாமையின் விலை எவ்வளவு என்பதை அறிய கண்டகாய்க்குப் போகவேண்டும். சிட்னிக்கும் மெல்பேர்ணுக்கும் நடுவே, முறம்பிட்ஜி ஆற்றின் வெள்ளச் சமவெளியிலேயே அந்த ஊரை அமைத்தார்கள். இங்கே ஆறு பெருகும், மேட்டுக்குப் போங்கள் என்று விராட்ஜுரி மக்கள் எச்சரித்தார்கள். ஆற்றங்கரை மரங்களைப் பார்த்து வெள்ளத்தின் உயரத்தைச் சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள். ஊரோ வரைபடத்தை நம்பியது. 1852 யூன் 24ஆம் திகதி இரவு ஆறு வந்தது. ஏறத்தாழ 250 பேர் கொண்ட ஊரில் மூன்றிலொரு பங்கினர் இறந்தனர். யாரி, ஜக்கி ஜக்கி என்ற இரு விராட்ஜுரி மனிதரும் அவர்களோடு வேறு சிலரும், மரப்பட்டை வள்ளங்களில் இரவு பகலாக மரக்கிளைகளிலும் கூரைகளிலும் தொங்கியவர்களை ஒவ்வொருவராக இறக்கிக் காப்பாற்றினார்கள். அறுபதுக்கு மேற்பட்டோர் அவ்வாறு உயிர் தப்பினர். கழுத்தில் மாட்டும் பித்தளைத் தகடு பரிசாகக் கிடைத்தது. சிலை வைக்க 2017 வரை ஆயிற்று. ஊரைப் பிறகு மேட்டுக்கு மாற்றினார்கள் என்பதையும் சொல்லவேண்டும்; எச்சரிக்கையை ஏற்றுக்கொண்டார்கள், செத்த பிறகு.

ஆதிக்குடிகளின் பருவக் கணக்கு இன்று அச்சிலும் கிடைக்கிறது. சிட்னிக்குத் தெற்கேயுள்ள தராவல் மக்களின் வழிவந்த தாவரவியலாளர் பிரான்சிஸ் பொட்கின், தம் குடும்பவழி வந்த ஆறு பருவங்களையும் குறிகளையும் பதிவு செய்திருக்கிறார். கோடையில் ஒருவகை வேலமரம் பூத்தால் கடும் புயல் மழை வரக்கூடும், ஓடைக்கரையில் தங்காதே. லில்லிபில்லிக் கனி உதிரத் தொடங்கினால் குளிருக்குரிய தோலாடையைத் தைத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் புறப்படு. விலாங்கு மீன்கள் ஆற்றிலிருந்து கடலுக்கு இறங்கினால் ஈரமான வெப்ப காலம் தொடங்கிவிட்டது. மெல்பேர்ணின் கூலின் மக்களுக்குப் பருவங்கள் ஏழு. அவற்றுள் ஒன்று விலாங்கின் பெயராலும், ஒன்று தலைப்பிரட்டையின் பெயராலும், ஒன்று வொம்பற்றின் பெயராலும் வழங்குகின்றன. திகதியால் அன்றி நிகழ்வாலேயே பருவம் தொடங்குகிறது. பூ பூக்கப் பிந்தினால் பருவமும் பிந்தும். 1788இல் வந்தவர்கள் தங்கள் நான்கு பருவங்களைப் பெட்டியோடு இறக்கி, மாதங்களை மட்டும் ஆறு தள்ளிவைத்தார்கள். ஆவணியைக் கார் என்று மனனஞ்செய்த எமக்கு அவர்களைப் பார்த்துச் சிரிக்க அதிக உரிமையில்லை. அரச வானிலைப் பணியகம் 1908இல் வேலையைத் தொடங்கியது. ஆதிக்குடிகளின் வானிலை அறிவுக்கென்று அது ஒரு தளத்தைத் திறந்தது 2002இல்.

இங்கே எனது சொந்தத் தவறொன்றைச் சொல்லியாகவேண்டும். மெல்பேர்ணுக்கு வந்த முதல் ஆண்டு ஓர் இரவு நிலாவுக்கு அகன்ற வட்டம் கட்டியிருந்தது. மழை வருமென்று மனைவிக்கு உறுதியாகச் சொல்லி, ஊரிற் செய்வதுபோல வடகிழக்கு யன்னல்களை அடைத்தேன். மழை வந்தது, தென்மேற்கிலிருந்து. திறந்திருந்த யன்னலால் அறை முழுக்க நனைந்தது. குறி சரி, திசை பிழை.

இதன் காரணத்தை எனக்கு விளக்கியவர் எங்கள் தொழிற்சாலையில் நாற்பது ஆண்டுகளாக வேலை செய்யும் கிரேக்கர் ஒருவர். சரக்கு ஏற்றும் வாசல் வடக்கு நோக்கியது. அதில் தொங்கும் பிளாஸ்டிக் பட்டைகள் கோடையில் உள்நோக்கி வீசினால், பாலைவனக் காற்று வந்துவிட்டது. அன்று 40 பாகை. பிற்பகலில் அந்தப் பட்டைகள் அசையாமற் தொங்கினால், அவர் எழுந்து போய்த் தென்மேற்குப் பக்கக் கதவைத் தாழிடுவார். சிறிது நேரத்திற் குளிர்காற்று அந்தப் பக்கத்தில் மோதும். எவரிடமும் கற்றதில்லை, பட்டைகளைப் பார்த்தே தெரிந்துகொண்டேன் என்றார். தொழிற்சாலைக்குள் பிறந்த ஒரு மழைக்குறி!

வாடை என்றால் எங்களுக்குக் குளிர். சங்கப் பாடல்கள் முழுவதும் பிரிந்தவரை நடுங்கவைக்கும் வடகாற்று. இங்கே வடகாற்று நெருப்பு. 1857இற் டச்சு விஞ்ஞானி பைஸ் பலொற் சொன்ன விதி இதை எளிதாக்குகிறது. காற்றுக்கு முதுகைக் காட்டி நில். வட அரைக்கோளத்தில் தாழமுக்கம் உன் இடப்பக்கம், தென் அரைக்கோளத்தில் வலப்பக்கம். பருத்தித்துறையில் வாடைக்கு முதுகைக் காட்டினால் இடக்கை கிழக்கைக் காட்டும். அங்கே வங்காள விரிகுடாவிற் புயல் நிற்கும். மெல்பேர்ணில் அதே வடகாற்றுக்கு முதுகைக் காட்டினால் வலக்கை மேற்கைக் காட்டும். மாற்றம் அங்கிருந்தே வரும். உடம்பு ஒன்று, காற்று ஒன்று, ஆபத்து எதிர்க்கையில். அந்த மாற்றத்தைக் குளிர்ச்சி என்று மட்டும் நினைப்பதும் பிழை. 2009 பெப்ரவரி 7ஆம் திகதி, 46.4 பாகை கொதித்த மெல்பேர்ணுக்கு அன்று மாலை தென்மேற்குக் காற்று ஆறுதலாக வந்தது. அதே காற்று வடக்கேயுள்ள மலைக்காடுகளில் தீயின் நீண்ட பக்கவாட்டையே புதிய முகப்பாக்கித் திருப்பிவிட்டது. அந்தத் தீயில் 173 பேர் இறந்தனர். அதே பெப்ரவரியில் எங்கள் சனங்கள் வன்னியில் வேறொரு நெருப்புக்குள் நின்றார்கள்.

ஊருக்குத் திரும்புகிறேன். குறிகள் வானொலி வந்ததால் அழிந்தன, படிப்பு வந்ததால் அழிந்தன என்று சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கண்டவர் அங்கே தொடர்ந்து இருக்கமுடியாமற் போனதே காரணம். 1990இல் வலிகாமம் வடக்கின் கரையோரம் வெறுமையாக்கப்பட்டது. தீவின் பெரிய மீன்பிடித் துறைகளில் ஒன்றாயிருந்த மயிலிட்டி, 2017 யூலையிற்தான் மக்களிடம் திரும்பி வந்தது. தந்தையோடு வள்ளத்தில் ஏறவேண்டிய பத்து வயதுப் பையன் கரைக்குத் திரும்பும்போது அவனுக்கு வயது 37. சொல்லிக்கொடுக்க வேண்டியவர் முகாமிற் செத்திருப்பார். கடலுக்குப் போக முடிந்த ஏனைய கரைகளிலும் பாஸ் நடைமுறை, நேரக் கட்டுப்பாடு, இராத்தொழிலுக்குத் தடை. இரவில் கடலில் இல்லாதவனுக்கு நிலா வட்டமும் மின்னற் திசையும் நீரோட்டமும் எங்கிருந்து தெரியும்? போர் அழித்தவற்றின் பட்டியலில் நூலகம் இருக்கிறது, கோயில் இருக்கிறது. இது இல்லை.

2008 கார்த்திகையில், நிஷா புயல் குடாநாட்டை மூழ்கடிப்பதற்குச் சில நாட்களுக்கு முன், நான் யாழ்ப்பாணத்தில் இருந்தேன். எங்கள் ஒழுங்கையின் முடிவில் இடம்பெயர்ந்தோர் முகாம் ஒன்று. வடகரையிலிருந்து 1990இல் வந்து, உள்ளூரில் 18 ஆண்டுகளைக் கழித்துவிட்ட ஒரு முதிய கடற்றொழிலாளி மாலையில் வாசலிற் குந்தியிருப்பார். வானம் கறுத்திருந்தது. 'என்ன அப்பு, புயல் வருமோ?' என்று கேட்டேன். அக்கறையோடு கேட்டேன் என்று எழுத ஆசைதான், பொழுதுபோக்காகவே கேட்டேன். அவர் வடக்குப் பக்கம் தலையைத் திருப்பிச் சிறிது நேரம் இருந்தார்.

'அங்கை எண்டால் ராவிலை கடல் இரையிறது காதிலை விழும் தம்பி. அது இரையிற விதத்திலை சொல்லிப்போடுவன். இஞ்சையிருந்து என்னத்தைக் கேட்டுச் சொல்லுறது?'

தூரத்துப் புயலின் நீண்ட அலைகள் காற்றுக்கு முன்னரே கரையை வந்தடையும் என்பது இன்று பாடப்புத்தகத்தில் உண்டு. அந்த இரைச்சலில் எத்தனை வகை, எந்த வகைக்கு எத்தனை நாள் தவணை என்று அவரிடம் நான் கேட்கவில்லை. கேட்டு எழுதும் தொழிலில் அப்போது நான் இருந்தேன். மூன்றாம் நாள் எங்கள் ஒழுங்கையில் இடுப்பளவு தண்ணீர்.

இந்தச் சஞ்சிகையின் வாசகரிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்கோ உங்கள் வீட்டு முதியவருக்கோ தெரிந்த மழைக்குறிகளை எழுதி அனுப்புங்கள். ஊரின் பெயர், மாதம், காற்றின் திசை, சொன்னவரின் தொழில் என்பவை அவசியம். பொய்த்த தடவைகளையும் சேர்த்து எழுதுங்கள். கச்சான் காற்று மட்டக்களப்பில் எப்படி, தீவுப்பகுதியில் எப்படி என்று ஒப்பிட எனக்கு ஆட்கள் தேவை. பேச்சுத் தமிழில் இருந்தாற் திருத்தவேண்டாம். இங்கே வந்தபின் கண்டுபிடித்தவையும் சேரலாம். கிரேக்கரின் பிளாஸ்டிக் பட்டைகளை நான் முதலாவதாகக் குறித்து வைத்திருக்கிறேன்.